நாற்றங்காலை விட்டுக் கப்பலேறியவர்கள்

கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயக் குடும்பங்களில் வெளியூர்ப் பயணம் என்றால் அதற்கொரு காரணம் இருந்தாக வேண்டும். கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு, நேர்த்திக்கடன், ஆஸ்பத்திரி. ஓய்வெடுக்கவென்றே பெட்டி கட்டிக் கிளம்பிய ஆட்கள் உத்தமபாளையத்தில் எங்கள் தெருவில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ரொம்பவும் அலுப்பாக இருந்தால் சுருளி அருவிக்குப் போய் ஒரு முழுக்குப் போட்டு, கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவோம். பிள்ளைகள் அடம்பிடித்தால் தேக்கடி, அங்கே ஏரியில் படகுச் சவாரி. எங்கள் வீட்டுக்குத் தெரிந்த கப்பல் அதுதான்.

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒரு சொகுசுக் கப்பலைக் கொடியசைத்து அனுப்பிவைத்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’. சென்னையில் ஏறி, நடுக்கடலில் சுற்றி, சென்னையிலேயே இறங்குகிற இரண்டு இரவுப் பயணம் ஒன்று. விசாகப்பட்டினம் வரை போய்வருகிற நீண்ட பயணம் ஒன்று. பிள்ளைகள் இருவரும் அப்போதே அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். கொரோனாவில் இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவர்கள். அந்த ஆண்டு பள்ளி திறப்பும் ஜூன் 13 வரை தள்ளிப்போயிருந்தது.

நான் சம்மதித்தது என் அத்தைக்காக, அதாவது மாமியாருக்காக. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, பிரசவம், காய்ச்சல் தவிர, அவர் அடுப்புப் பற்றவைக்காத காலை கிடையாது. தேக்கடிக்குப் போனாலும் புளிச்சோறும் துவையலும் அவர் கையால்தான் கட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டு நாள் முழுக்க யாரோ சமைத்துப் போட்டு இவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக இருந்தது.

தடை மாமாவிடமிருந்து வந்தது. அந்த ஜூன் 1ஆம் தேதிதான் பெரியாறு அணையில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கருக்கும் அதுதான் வருஷத்தின் தொடக்கம். “நாத்துப் பாவுற நேரத்துல கப்பல்ல போயி என்னத்தப் பாக்கப் போறீக?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீர் வந்த பிறகு வயலை விட்டு ஒரு இரவு தள்ளியிருப்பது அவர் வயதுக்காரர்களுக்குப் பெரிய காரியம். பக்கத்து வயல் பங்காளி, “மடையை நான் பாத்துக்கிறேன், போயிட்டு வா” என்று சொன்ன பிறகுதான் தலையசைத்தார். அப்போதும் முகம் தெளியவில்லை.

எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. தேனிக்குப் பஸ்ஸில் போய் ஏற வேண்டும். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்ட மதுரை - தேனி ரயில், 2022 மே 26 அன்றுதான் மறுபடி தொடங்கிவைக்கப்பட்டிருந்தது. தேனி ஸ்டேஷனில் ரயில் பார்க்கவே குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். மாலை ரயிலில் மதுரை, அங்கிருந்து இரவு ரயிலில் சென்னை.

துறைமுகத்தில் பயணிகள் முனையத்தைத் தாண்டி வெளியே வந்ததும் கப்பலைப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தோம். கண்ணுக்கெட்டியது ஒரு வெள்ளைச் சுவர்தான். அண்ணாந்தால் வரிசை வரிசையாக ஜன்னல்கள், அதற்கும் மேலே ஆரஞ்சு நிறத்தில் தொங்குகிற உயிர்காப்புப் படகுகள். 211 மீட்டர் நீளம், 11 தளங்கள், சுமார் 48,500 டன் கொள்ளளவு. பிரான்சின் சாந்நசேர் கட்டுதுறையில் 1990இல் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரோடு கட்டி முடிக்கப்பட்ட கப்பல் இது. மியாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று நான்கு இரவில் போய்வரும் குறும்பயணங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. பிறகு ‘எம்பிரஸ் ஆஃப் தி சீஸ்’ ஆயிற்று. சில வருஷம் ஸ்பெயின் நிறுவனத்தின் பெயரில் ஓடியது. கியூபாவுக்கு அமெரிக்கர்களை ஏற்றிச் சென்றது. கொரோனாவில் கப்பல் தொழிலே முடங்கியபோது கைமாறி, 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து இந்தியர்களுக்கான கப்பலாகக் கிளம்பியது. ஆகவே எங்களைச் சுமந்தது புதுக் கப்பலல்ல. பல துறைமுகம் கண்டது. எனக்கு அதில் மரியாதைதான் கூடியது.

பெட்டியை அறையில் வைத்ததும் வைக்காததுமாக எச்சரிக்கைச் சங்கு ஊதியது. குறுகிய ஒலி ஏழு, நீண்ட ஒலி ஒன்று. எல்லாரும் அவரவருக்குக் குறித்த இடத்தில் போய் நிற்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்டுவது, எந்தப் படகில் ஏறுவது என்று காட்டுவார்கள். பயணிகள் சிலர் செல்பியில் மும்முரமாக இருந்தார்கள். நாங்கள் ஆறு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணம் இருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ‘ஜலகன்னிகா’ படகு கவிழ்ந்தது. கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கமாக எழுந்து போக, இரண்டடுக்குப் படகு சரிந்து 45 பேர் போனார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் நிறையப் பேர். எங்கள் ஊரிலிருந்து மலையேறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிற ஏரி அது. அன்று இரவு குமுளிச் சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவே இல்லை என்று கம்பத்தில் இன்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் அத்தை எங்களைத் தேக்கடிப் படகில் ஏறவிட்டதில்லை.

கப்பலில் இந்த ஒத்திகை சடங்குக்காக நடப்பதல்ல. டைட்டானிக் மூழ்கியதைத் தொடர்ந்து 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உலக உடன்படிக்கை எழுதப்பட்டது. நூறு வருஷம் கழித்தும் பாடம் முடியவில்லை. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜில்யோ தீவுக்கருகே கோஸ்டா கொன்கோர்தியா பாறையில் மோதிச் சரிந்தபோது 32 பேர் இறந்தார்கள்; அன்று புதிதாக ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகையை முடித்தாக வேண்டும் என்பது விதி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த அரை மணி நேரத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நான் மகளுக்குப் பட்டையைக் கட்டி, அவிழ்த்து, அவளையே மறுபடி கட்டச் சொன்னேன். மாமா படகுகளின் கொக்கிகளையும் கம்பிவடத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு, “கெட்டியாத்தான் வச்சிருக்கான்” என்றார். கிளம்பியதிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

இழுவைப் படகுகள் இரண்டு பக்கமும் நெருங்க, கப்பல் துறையை விட்டு நகர்ந்தது. மெரினாவின் கலங்கரை விளக்கம், அதன் பின்னால் மங்கலாக நகரம், பிறகு அதுவும் இல்லை.

பெரியவர்களுக்குக் கடல் தெரிகிற ஜன்னல் வைத்த அறையும், எங்களுக்கு ஜன்னலில்லாத உள்ளறையும் எடுத்திருந்தோம். உள்ளறையில் விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. தூங்க மட்டும் போகிறவர்களுக்கு அது போதும். அத்தையின் அறையில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அறையைப் பராமரிக்கிற பையன் வருவதற்குள் அத்தை போர்வையை நான்காக மடித்து, தலையணைகளை அடுக்கி, மேசையைத் துடைத்து, கட்டிய சேலையை அந்தச் சின்னக் குளியலறையிலேயே அலசி, நாற்காலி முதுகில் காயப்போட்டிருந்தார். பையன் வந்து பார்த்துத் திகைத்தான். “அடுத்த ஆளு வந்து செய்யுற மாதிரி நாம போட்டுட்டுப் போகலாமாப்பா?” என்று அத்தை அவனிடமே கேட்டார். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். “அது என் வேலைம்மா, நீங்க மேல போய்க் கடலப் பாருங்க” என்றான். நாங்கள் சாப்பிட்டுத் திரும்பியபோது கட்டிலின் நடுவில் ஒரு யானை உட்கார்ந்திருந்தது: இரண்டு துண்டுகளைச் சுருட்டி மடித்து, தும்பிக்கையைத் தூக்கியபடி அவன் செய்துவைத்தது. கப்பல் ஊழியர்களிடையே உலகெங்கும் உள்ள வழக்கமாம். அத்தை அதைக் கலைக்க மனமில்லாமல் கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில் முதல் வேளை அவருக்கு வெட்கமாக இருந்தது. தட்டை வைத்துக்கொண்டு, யாராவது பரிமாறுவார்கள் என்று நின்றார். வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும், எங்கள் எல்லாருக்கும் எடுத்துவைக்கத் தொடங்கினார். நான் கரண்டியை வாங்கி வைத்துவிட்டு உட்கார வைத்தேன். மறுநாள் காலை இட்லி சாம்பாரோடு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தவர், காபி குடித்தார். இன்னொரு காபி வாங்கிக் குடித்தார். பத்தரை மணி வரை எழுந்திருக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கட்டின பணம் எனக்கு அந்தக் காலை வேளையிலேயே செரித்துவிட்டது.

மாமாவின் கதை வேறு. அவர் கண்ணுக்குக் கடல் ஒரு புதிர். குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் ஊற்றிப் பார்த்துவிட்டு நேராக அந்தத் தூத்துக்குடித் தம்பியிடம் போனார். “இத்தன பேரு குளிக்கிறோம், இந்த நல்ல தண்ணி எங்கேருந்து வருது?” பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் படத்துக்குப் பூப்போடுகிற பள்ளத்தாக்கு ஆளுக்கு வேறென்ன கேள்வி வரும்? மேற்கே ஓடி வீணாகப் போன பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, 1895இல் கிழக்கே திருப்பிவிட்ட தண்ணீரில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கே போனாலும் முதலில் தண்ணீரின் வழியைத்தான் தேடுவோம்.

பெரிய பயணிகள் கப்பல்கள் தங்களுக்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதியைக் கடலிலிருந்தே ஆக்கிக்கொள்கின்றன. எஞ்சினின் வீண் சூட்டைக் கொண்டு, காற்றழுத்தம் குறைந்த தொட்டியில் கடல்நீரைக் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாக்கிக் குளிரவைப்பது ஒரு முறை. சன்னமான சவ்வின் வழியே அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிப்பது இன்னொன்று. சென்னைக்காக 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் தொடங்கிய ஆலைகள் செய்வதும் இதைத்தான். ஆளொன்றுக்கு நாளைக்கு இருநூறு லிட்டருக்குக் குறையாமல் செலவாகும். கழிவறையில் தண்ணீர் கொஞ்சம்தான் செலவாகிறது, காற்று உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சத்தத்துக்கு மகன் முதலில் பயந்தான், பிறகு பொத்தானை அழுத்துவதே அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. கழிவு எங்கே போகிறது என்பது மாமாவின் அடுத்த கேள்வி. சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் விடக்கூடாது, பிளாஸ்டிக்கை எங்கேயுமே கடலில் போடக்கூடாது என்பது உலகக் கடல்மாசுத் தடுப்பு விதி. இதைச் சொன்னதும் மாமா, “நம்ம ஆத்துக்கு இந்த விதி யாரு போடுறது?” என்றார். முல்லைப் பெரியாற்றில் ஒவ்வொரு ஊரின் சாக்கடையும் கலக்கிற இடங்களை அவர் வரிசையாகச் சொல்வார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் மாலை வரை அவர் கப்பலை ஒரு தளம் விடாமல் நடந்தளந்தார். பெரிய கப்பல்களின் அடிவயிற்றில் இரண்டு பக்கமும் துடுப்பு நீட்டி ஆட்டத்தைக் குறைக்கிற ஏற்பாடு உண்டு என்று கேள்விப்பட்டதும், “தேக்கடியில இதுல பாதி அக்கறை இருந்திருந்தா…” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

உலகத்தில் இப்போது பிள்ளைகளுக்காகக் கப்பல் என்றால் கதைக் கப்பல்தான். 1998இல் ‘டிஸ்னி மேஜிக்’ கப்பலோடு தொடங்கியது அந்த வழி: சுவரெல்லாம் மிக்கி மவுஸ், சங்கு ஊதினால் டிஸ்னி பாட்டு. அதே நிறுவனத்தின் ‘டிஸ்னி அட்வெஞ்சர்’ சிங்கப்பூரைத் தாய்த்துறையாகக் கொண்டது. எங்கள் கப்பலைப் போல நான்கு மடங்குக்கும் மேல், இரண்டு லட்சம் டன்னைத் தாண்டியது. எம்பிரஸில் அந்த இடத்தில் இந்தி சினிமா இருந்தது. இரவில் அரங்கத்தில் பாட்டு, ஆட்டம், மின்னுகிற உடைகள். இன்னொரு வேளை மாயாஜாலம். ஆடியவர்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். மகள் நாற்காலியில் நின்றபடி கூடவே ஆடினாள். மகன் இரண்டாவது பாட்டில் தூங்கிவிட்டான்.

எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஓர் ஆசை வந்தது. சென்னையிலிருந்து கிளம்புகிற கப்பலுக்குக் கதையா பஞ்சம்? 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, அடுத்த வருஷமே எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து கொழும்புக்கு ஓட்டிய வ.உ.சி. இருக்கிறார். பூம்புகார் இருக்கிறது. கடல் கடந்து கடாரம் வரை படை அனுப்பிய ராஜேந்திர சோழன் இருக்கிறான். முத்துக்குளித்துறை, கட்டுமரம், காற்றையும் நீரோட்டத்தையும் பெயர் சொல்லி அழைக்கிற மீனவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் மண்டபத்தில் ஒரு கட்டுமரம் கட்டக் கற்றுக்கொடுத்தால் எந்தப் பிள்ளை வேண்டாமென்று சொல்லும்? தமிழ்நாட்டில் யாராவது இதைச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இரவு மேல்தளத்தில் காற்று அடித்துக்கொண்டு போனது. மாமா அப்போதுதான் தன் பெரியப்பாவின் கதையைச் சொன்னார். அவர் மலாயாவுக்குப் போனது ‘ரஜூலா’வில். 1926இல் கிளாஸ்கோவில் கட்டி, சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1973 வரை ஓடிய கப்பல். ஆயிரக்கணக்கான தமிழர்கள் அதில் தளப் பயணிகளாகப் பாயை விரித்துப் படுத்துப் போனார்கள். அதற்குப் பின் ‘எம்.வி. சிதம்பரம்’, 1985இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தத் தடமும் முடிந்தது. “அவுக போனது பொழைக்க. திரும்பி வருவோமான்னு தெரியாமப் போனாக. நாம பாரு, சாப்பிட்டுட்டுத் திரும்புறதுக்குன்னே வந்திருக்கோம்” என்றார். அந்தப் பெரியப்பா திரும்பவில்லை. பினாங்கிலேயே காலமானார். பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை மாமா சொன்னது அந்த இரவில்தான். வீட்டில் இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் அவருக்கு விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மடை பார்க்க வேண்டும். எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்.

கப்பலில் சூதாட்டக் கூடமும் மதுவும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. அதே ஜூன் மாதம் புதுச்சேரியில் இதற்கு எதிர்ப்புக் கிளம்பி, அங்கே வர கப்பலுக்கு அனுமதி கிடைக்காமல் போனது. பிள்ளைகளோடு போனால் அந்தப் பக்கம் போகாமல் இருக்கத் தேவையான இடம் கப்பலில் தாராளமாகவே இருக்கிறது.

ஊரிலிருந்து போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். பெரியவர்களுக்கு ஜன்னல் வைத்த அறைதான் எடுங்கள்; பிள்ளைகளைவிட அவர்கள்தான் கடலை அதிகம் பார்ப்பார்கள். கட்டணம் அதிகம் என்று தோன்றினால், சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகிற அரசுக் கப்பல் இருக்கிறது. ஆட்டம் பாட்டம் இருக்காது. மூன்று நாள் கடல் இருக்கும்.

நாங்கள் ஊர் திரும்பியபோது நாற்று நன்றாகவே முளைத்திருந்தது. அத்தை மறுநாள் காலை வழக்கம்போல் அடுப்புப் பற்றவைத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சமையலை மகனிடமும் பேரனிடமும் ஒப்படைத்துவிட்டார். இன்றுவரை அது தொடர்கிறது. தோசை வட்டமாக வருவதில்லை, அதைப்பற்றி அவர் ஒன்றும் சொல்வதுமில்லை.

2023 ஜூனில் அதே எம்பிரஸ் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றிவரத் தொடங்கியது. காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலையும் நகுலேசுவரமும் பக்கம், நல்லூர்க் கந்தன் கோயிலுக்கும் போய்வரலாம் என்று யாரோ அத்தையிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் மத்தியானம் ஆதார் அட்டையையும் இரண்டு போட்டோவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் குடு. உங்க மாமாவுக்கும் சேத்து. ரெண்டாம் போகம் அறுத்ததும் போவோம்.”